உளு கொட்டுகிற மரம்: ஓட்டையை அடைக்க முன் தூளைப் பாருங்கள்

கட்டில் காலடியில் அரிசிமாவைச் சலித்துக் கொட்டியதுபோல ஒரு சின்னக் குவியல். கூட்டி அள்ளினாலும் மறுநாள் அதே இடத்தில் கிடக்கும். உடனே ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் விட்டு மெழுகால் அடைத்துவிடுவார்கள். ஆனால் அந்த ஓட்டை வண்டு வெளியேறிப்போன வாசல். மரத்தைத் தின்கிற புழுக்கள், வெளியே ஓட்டையே தெரியாத இடத்தில் இன்னும் இருக்கும்.

முதலில் தூளை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர்போல வழுக்கி, ஓட்டையும் 1 முதல் 2 மி.மீ. வட்டமாக இருந்தால் அது உளுவண்டு. ஓட்டை 3 முதல் 6 மி.மீ. என்றால் அதே வேலையைச் செய்யும் பெரிய இனம். தூள் மாவாக இல்லாமல், ஆறு பட்டையுள்ள சின்னச் சின்ன மணிகளாக உருண்டால் அது உலர்மரக் கறையான். மண்கூடு கட்டாததால் பலர் அதை உளு என்றே நினைத்துவிடுகிறார்கள். மேற்பூச்சு மருந்து அதன் கூட்டைச் சென்றடையாது. சுண்டுவிரல் நுழையும் ஓட்டையும் சொரசொரப்பான மரத்தூளும் கருவண்டின் வேலை. அது மரத்தைத் தின்பதில்லை, கூடு வைக்க மட்டும் குடைகிறது.

அடுத்தது, உளு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. மரத்தைத் தட்டிப் பழைய தூளை உதிர்த்து, துடைத்துவிட்டு, இருக்கிற ஓட்டைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கீழே கறுப்புத் தாள் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். சோளகம் வீசும் காலத்தில் காற்று தூளை அள்ளிப்போய்விடும், பிறகு உளு இல்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள். 2 கிழமை பொறுங்கள். வட்டத்துக்கு வெளியே புது ஓட்டை, கூரான விளிம்பு, உள்ளே வெளிர்நிறம் என்றால் மருந்து வேண்டும். பழைய ஓட்டையின் உட்புறம் மங்கிப் பழுப்பாக இருக்கும்.

உளு தேடுவது மரத்திலுள்ள மாச்சத்தை. அது இருப்பது வெள்ளையில் (மரத்தின் வெளிப்புற இளம்பகுதி), வைரத்தில் (நடுவிலுள்ள முற்றிய பகுதி) இல்லை. அதனால்தான் தேக்குக் கதவில்கூட ஓரத்து வெள்ளைப் பட்டை மட்டும் மாவாகி, நடுப்பகுதி அப்படியே நிற்கிறது. மாமரமும், மருந்தேற்றாத றப்பர் மரமும் எளிதில் இரையாகும். பனையில் எல்லாம் தலைகீழ்: வைரம் வெளியே, மெத்தென்ற சோற்றி உள்ளே. கூரைக்குப் போடும் பனங் கைமரத்தில் சோற்றியை நன்றாகச் செதுக்கி எடுத்தார்களா என்று பாருங்கள்.

கைமரம், வளை, தீராந்தி என்றால் மருந்துக்கு முன் குத்தூசியால் பல இடங்களில் குத்துங்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஊசி இலகுவாகப் புதைந்தால் அந்த மரத்தை மாற்றத்தான் வேண்டும். கீழே முட்டுக் கொடுக்காமல் ஓட்டுக் கூரையின் கைமரத்தைக் கழற்றவே கூடாது.

தாங்கக்கூடிய மரத்துக்கு வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் போதும். 1 லீற்றர் சுடுநீரில் 150 கிராம் வெண்காரம், 100 கிராம் போரிக் அமிலம் போட்டுத் தெளியும்வரை கலக்குங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், கையுறை போடுங்கள். பெயின்ற், வார்ணிஷ் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: வார்ணிஷ் மேல் பூசிய மருந்து வழிந்து நிலத்துக்குப் போகிறது. வெறும் மரத்தில் தூரிகையால் தாராளமாக, முந்தைய பூச்சு காய முன் 3 தடவை பூசுங்கள். கட்டிலின் அடிப்பக்கம், பொருத்து, வெட்டுமுகம் எதையும் விடாதீர்கள். பிறகு பொலித்தீன் சுற்றி 3 நாள் வையுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் மருந்து உள்ளே ஊறும். பொலித்தீனை அவிழ்த்து நன்றாகக் காய்ந்தபின் வார்ணிஷ் அடியுங்கள். வண்டு முட்டையிடும் நுண்துளைகள் அதோடு மூடிவிடும். குழந்தை வாய் வைக்கும் பொருளுக்கும், உணவு படும் பலகைக்கும் இந்த மருந்து கூடாது. மழை படும் மரத்திலும் பூசிப் பயனில்லை, கரைந்துபோகும்.

மருந்துக்குப் பின்னும் சில மாதங்களுக்குச் சில ஓட்டைகள் வரலாம். ஆழத்தில் வளர்ந்த புழுக்கள் வண்டாகி வெளியேறுவதுதான் அது. மண்ணெண்ணெய், கழிவு எஞ்சின் ஒயில் இரண்டையும் தவிருங்கள். மண்ணெண்ணெய் ஆவியாகிப்போகும், இரண்டுமே கூரையில் தீ பிடித்தால் அணைக்க விடாது.

புது மரம் வாங்கும்போது வெட்டுமுகத்தை நனைத்துப் பாருங்கள், வெள்ளையும் வைரமும் பிரிந்து தெரியும். மூங்கிலையும் வெள்ளை மிகுந்த மரத்தையும் குளத்தில் சில கிழமை ஊறவைத்து நிழலில் காயவிடும் பழைய வழக்கம் சரியானது. மாச்சத்து நீரில் குறைந்துபோகும்.