பைபிள்ல வர்ற "ஏமாத்துக்கார" பொம்பளைங்க கதைய எப்படி படிக்கிறது

மொதல்ல சண்டே ஸ்கூல்ல கேட்டது, சினிமால பாத்தது எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிட்டு அந்த அதிகாரத்த மட்டும் முழுசா படிங்க. தெலீலாள்னாலே ஃப்ராடுனு தான நெனப்போம், நியாயாதிபதிகள் 16 எடுத்து பாருங்க, உன்ன எதால கட்டினா அடக்கலாம்னு அவ நேராவே கேக்குறா, மூணு தடவ பொய் சொல்றது அவள காதலிச்ச பலசாலி சிம்சோன் தான். காசுக்காக அவன காட்டிக் குடுத்தா, அது வாஸ்தவம், அவனோட எதிரிங்க பெலிஸ்தர் தலைவர்கள் ஆளுக்கு 1100 வெள்ளிக்காசுனு பேசியிருந்தாங்க.

அடுத்தது, அதிகாரம் யார் கையில இருக்குனு பாக்கணும். ஆதியாகமம் 38ல தாமாரோட புருஷன் செத்துட்டான், அவன் தம்பியும் செத்துட்டான், கடைசி தம்பி சேலா பெரியவன் ஆனதும் கட்டி வைக்கிறேன்னு மாமனார் யூதா அவள அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டு அப்படியே கழட்டி விட்டுட்டாரு. அவ முக்காடு போட்டு வழியில உக்காந்தா, வேசினு நெனச்சு வந்தவர் கிட்ட அடமானமா முத்திரையும் கோலும் வாங்கி வச்சுக்கிட்டா. மூணு மாசம் கழிச்சு கர்ப்பம்னு தெரிஞ்சதும் "எரிச்சிடுங்க"ன்னவரு, அந்த பொருள பாத்ததும் என்ன விட அவ நீதியுள்ளவனு ஒத்துக்கிட்டாரு. இதே கேள்விய யோசேப்பு மேல பொய்ப்பழி போட்ட எஜமானி, போத்திபார் பொண்டாட்டி கிட்ட கேளுங்க, பதில் அப்படியே தலைகீழா வரும், ஏன்னா அங்க மாட்டினது அடிமை யோசேப்பு.

பொருள்களையும் கவனிங்க, எனக்கு ரொம்ப புடிச்சது இது தான். அம்மா ரெபெக்காள் ஆட்டுத்தோல மகன் யாக்கோபு கையில சுத்தி, அண்ணனுக்கான ஆசீர்வாதத்த வாங்க குருட்டு அப்பாவ ஏமாத்த வச்சா, பின்னாடி அதே யாக்கோபுவ அவர் பசங்க ஆட்டு ரத்தம் தோய்ச்ச யோசேப்போட அங்கிய அனுப்பி அவன் செத்துட்டான்னு ஏமாத்துறாங்க, யூதாவும் அதுல உண்டு, யூதா தாமாருக்கு தர்றேன்னு சொன்னதும் ஒரு ஆட்டுக்குட்டி தான். அங்கிய காட்டினப்போ சொன்ன "பாரும்" தான் எபிரெயத்துல, அடமானப் பொருள அனுப்பினப்போ தாமார் வாயிலயும் வருது, அதே வார்த்த.

பொய்க்கு கதை என்ன தீர்ப்பு சொல்லுதுனும் பாருங்க. எபிரெய ஆண் குழந்தைகள காப்பாத்த பார்வோன் கிட்ட பொய் சொன்ன மருத்துவச்சிகளுக்கு கடவுள் நல்லது பண்ணாருனு யாத்திராகமம் 1லயே இருக்கு, யாக்கோபு பொண்டாட்டி ராகேல் அப்பாவோட சிலைகள திருடி ஒட்டகச் சேணத்துல ஒளிச்சு மேல உக்காந்துக்கிட்டதுக்கு ஒரு கமெண்ட்டும் இல்ல.

கடைசியா, அந்த பொம்பளைக்கு அப்புறம் என்ன ஆச்சுனு தேடுங்க. ரெபெக்காள் "சிலநாள்" அண்ணன் லாபான் வீட்டுல இருனு சொல்லி தான் யாக்கோபுவ அனுப்பினா. திரும்ப அவன பாத்ததா எங்கயுமே இல்ல. அவ தாதி தெபொராள் செத்தது கூட ஆதியாகமம் 35:8ல இருக்கு.