குறுவகை டாஃபடில்களை விதையிலிருந்து தொட்டியில் வளர்ப்பது எப்படி

கிழங்கை வாங்கி நட்டால் அடுத்த வசந்தத்திலேயே பூத்துவிடும் டாஃபடிலை, விதை போட்டு வளர்க்க 3 முதல் 5 ஆண்டுகள் வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனாலும் குறுவகைகளைப் பொறுத்தவரை விதையே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ ஆகிய நாடுகளின் மலைச் சரிவுகளிலும் புல்வெளிகளிலும் இயற்கையாக வளரும் இச்சிற்றினங்களில் பல, கிழங்காக விற்பனைக்கு வருவது அரிது; காட்டிலிருந்து அவற்றைத் தோண்டி எடுப்பதோ அந்த இனத்தையே அழிக்கும் செயல். தாய்ச் செடியில் வைரஸ் நோய் இருந்தாலும் பெரும்பாலும் அது விதை வழியாகப் பரவுவதில்லை என்பது மற்றொரு நன்மை.

தொடங்குபவர்களுக்கு நார்சிசஸ் பல்போகோடியம் பொருத்தமானது (நார்சிசஸ் என்பது டாஃபடில் பேரினத்தின் அறிவியல் பெயர்). புனல் போல விரிந்த குழலும் அதைச் சுற்றி ஊசியாய் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய இதழ்களும் கொண்ட இந்த இனம் எளிதில் முளைக்கும். அட்லஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த ரோமியூக்ஸி இனமும் தொட்டிக்கு நன்றாக ஒத்துவரும். இதழ்கள் முற்றிலும் பின்னோக்கி மடிந்திருக்கும் சைக்ளமினியஸ், ஈரத்தையும் அமிலத்தன்மை கொண்ட மண்ணையும் விரும்புவதால், அதைத் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ‘டெட்-அ-டெட்’ போன்ற கலப்பினத்திலிருந்து விதையை எதிர்பார்க்க வேண்டாம். அது மலட்டுத்தன்மை கொண்டது. விதை பிடிக்கும் கலப்பினங்களிலும் நாற்றுகள் தாயைப் போலவே இருப்பதில்லை.

சொந்தச் செடியிலிருந்து விதை எடுக்க விரும்பினால், வெவ்வேறு விதைகளிலிருந்து வளர்ந்த இரண்டு செடிகளாவது ஒரே சமயத்தில் பூத்திருக்க வேண்டும், ஏனெனில் பல இனங்கள் தம் சொந்த மகரந்தத்தால் சரியாகக் காய்ப்பதில்லை. மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு, மற்றொன்றின் சூலக முடியில் தடவினால் போதும். பூ வாடிய பின் அதன் அடியில் காய் பருத்து, வசந்தத்தின் முடிவில் பச்சை நிறம் மாறி வைக்கோல் நிறமாகும். பிறகு நுனியில் மூன்றாகப் பிளந்து, கருத்துப் பளபளக்கும் விதைகளைச் சிதறிவிடும். நிறம் மாறத் தொடங்கும்போதே காயின் மீது மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுவது நல்லது. எடுத்த விதையைக் காகித உறையிலிட்டு, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்து, அதே ஆண்டின் இலையுதிர் காலத் தொடக்கத்தில், அதாவது வட அரைக்கோளத்தில் செப்டம்பரிலும் தென் அரைக்கோளத்தில் மார்ச்சிலும், விதைத்துவிட வேண்டும்.

தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம்; 12 செ.மீ.க்குக் குறையாத ஆழம் வேண்டும். இளங்கிழங்குகளுக்குச் சுருங்கும் தன்மை கொண்ட வேர்கள் உண்டு. அவை ஒவ்வொரு பருவத்திலும் கிழங்கைக் கீழே இழுத்துச் செல்வதால், ஆழமில்லாத தட்டுகளில் விரைவிலேயே அடியை எட்டிவிடும். செம்மண் கலந்த நல்ல தோட்ட மண், நன்கு மட்கிய இலை உரம், பருமணல் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, விதைகளை ஒன்றுக்கொன்று 1 செ.மீ. இடைவெளியில் தூவி, அதே கலவையால் 1 செ.மீ. தடிமனுக்கு மூடி, மேலே சிறு சரளைக் கல்லைப் பரப்ப வேண்டும். பாசி படராமலும், மழைத்துளி தெறித்து விதை வெளியே வராமலும் சரளை காக்கும். இனத்தின் பெயரும் விதைத்த தேதியும் எழுதிய அட்டையை மறக்காமல் செருக வேண்டும். அந்தத் தொட்டி ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கப்போகிறது.

முளைப்பதற்குத் தேவை குளிர்ச்சியும் ஈரமும்தான். வெப்பமூட்டிய அறை இதற்கு உதவாது. தொட்டியை வெளியில் வைத்து மண் காயாமல் பார்த்துக்கொண்டால், இலையுதிர் காலத்தின் முடிவிலிருந்து குளிர்காலத்தின் முடிவுக்குள் புல்லைப் போன்ற ஒற்றை இலை தலைகாட்டும். அதைக் களையென்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது. முதல் ஆண்டில் எதுவும் முளைக்காத தொட்டியையும் எறிய வேண்டாம், ஏனெனில் சில விதைகள் அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்கும். கடும் உறைபனி உள்ள இடங்களில் தொட்டியை விளிம்பு வரை மணலில் புதைத்து, மேலே கண்ணாடி மூடி போட வேண்டும். நிலத்தைவிடத் தொட்டி மண் விரைவாக உறைந்துபோகும்.

இனி எல்லாமே அந்த இலையைப் பொறுத்தது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் செடி செய்யும் ஒரே வேலை, இலை வழியாக உணவு தயாரித்துக் கிழங்கைப் பருக்க வைப்பதுதான். இலை பச்சையாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பூவுக்கான காத்திருப்பைக் குறைக்கிறது. ஆகவே இலை இருக்கும்வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. தக்காளிக்கு இடும், சாம்பல் சத்து மிகுந்த திரவ உரத்தைப் பாதி அளவாக நீர்த்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஊற்றலாம். தழைச்சத்து மிகுந்த உரம் கிழங்கை மென்மையாக்கி அழுகலுக்கு வழிவகுக்கும். நுனி மஞ்சளானதும் அழகு கருதி இலையை வெட்டுவதும் முடிச்சுப் போடுவதும் கூடாது. இலை தானாகக் காய்ந்த பிறகு தொட்டியை நிழலுக்கு மாற்றி, நீரைப் பெரிதும் குறைக்க வேண்டும். முதல் ஆண்டுக் கிழங்கு அரிசி மணி அளவே இருக்கும் என்பதால், மண் முற்றிலும் காய்ந்தால் அதுவும் சுருங்கிவிடும். சைக்ளமினியஸுக்குக் கோடையிலும் ஈரம் தேவை.

இரண்டாம் கோடையில்தான் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும், அதற்கு முன் வேண்டாம். பெரும்பாலான கிழங்குகள் அடிமண்ணில் இருப்பதால், ஒரு தாளின் மீது கொட்டி, மண்ணை விரலால் உதிர்த்துத் தேட வேண்டும். அழுத்தினால் அமுங்கும் கிழங்கிற்கு அடியழுகல் நோய் இருக்கலாம். கழுத்துப் பகுதி அமுங்கினால் உள்ளே டாஃபடில் ஈயின் புழு இருக்கக்கூடும். இரண்டையும் அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு. இந்த ஈ, இலை வாடும் பருவத்தில் கழுத்தருகே முட்டையிடுவதால், அந்த வாரங்களில் தொட்டியை நுண்வலையால் மூடி வைக்கலாம். நல்ல கிழங்குகளைப் புதிய கலவையில், அவற்றின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் நட வேண்டும். கிழங்கின் சாறு தோலில் அரிப்பைத் தருவதால் கையுறை அணிவது நல்லது. கிழங்கு நச்சுத்தன்மை கொண்டது. பார்ப்பதற்குச் சிறுவெங்காயமாகவே தெரிவதால் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பூ வரும் ஆண்டில், ஒரே காயின் விதைகளிலிருந்து வந்த செடிகளுக்குள்ளும் குழலின் அகலம், மஞ்சளின் அடர்த்தி, பூக்கும் நாள் ஆகியவை வேறுபடுவதைக் காணலாம். பிடித்தவற்றைப் பூத்திருக்கும்போதே அடையாளமிட்டு, கோடையில் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இலை காய்ந்த பிறகு எந்தக் கிழங்கு எது என்று பிரித்தறிய வழியே இல்லை.