குளிர்ப் பிரதேசத்தில் திராட்சையும் ஒயினும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்ப் பிரதேசத்தில் திராட்சை பயிரிட விரும்புவோர், அங்கே கோடைக்காலம் பழுக்கப் போதுமான வெப்பத்தைத் தருமா என்று மட்டுமே கணக்குப் பார்ப்பது முதல் தவறு. குளிர்காலத்தின் மிக மோசமான இரவில் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்பதே அதைவிட முக்கியமானது. குளிரைத் தாங்குவதில் பெயர் பெற்ற ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை ரகத்தின் மொட்டுகள்கூட மைனஸ் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில டிகிரி இறங்கினாலே பெருமளவில் கருகத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஃபிங்கர் லேக்ஸ் பகுதி இதற்கு நல்ல பாடம். அங்கே திராட்சைத் தோட்டங்கள் ஏரிக்கரைச் சரிவுகளை ஒட்டியே அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. சுமார் 188 மீட்டர் ஆழமுள்ள செனிகா ஏரி பெரும்பாலும் உறைவதில்லை. கோடையில் சேமித்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெல்ல வெளிவிடுகிறது, வசந்தத்தில் தன் குளிர்ச்சியால் மொட்டவிழ்வதைத் தள்ளிப்போட்டுப் தாமதமாக வரும் உறைபனியிலிருந்து காக்கிறது. மண் வளமாகவும் சமதளமாகவும் இருக்கிறது என்பதற்காகப் பள்ளத்தில் நடுகிறவர்கள், கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி வந்து அங்கேதான் தேங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சரிவின் அடியில் அடர்த்தியான மரவரிசை இருந்தால், குளிர்காற்று வெளியேற வழியின்றித் தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். 2023 மே மாதத்தில் அப்பகுதியில் பெய்த உறைபனி, தளிர்விட்ட கொடிகளை எப்படி ஒரே இரவில் கருக்கும் என்பதைக் காட்டியது.

ஐரோப்பிய ரகங்கள் அங்கே பிழைக்கவே பிழைக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உக்ரைனில் பிறந்து 1951-இல் அமெரிக்காவில் குடியேறிய திராட்சை வல்லுநர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க், பொருத்தமான வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் அவை தாக்குப்பிடிக்கும் என்று வாதிட்டு, அதைச் செய்தும் காட்டினார். 1962-இல் தமக்கென ஓர் ஒயின் ஆலையையும் நிறுவினார். ஒட்டுப் பகுதி குளிரில் சாகாதிருக்க இலையுதிர்காலத்தில் அதன்மேல் மண் அணைப்பது வழக்கம். அந்த மண்ணை வசந்தத்தில் விலக்காமல் விட்டுவிட்டால், ஒட்டிய மேற்செடி தானே வேர்விட்டு, ஒட்டுக்கட்டியதன் பயனையே கெடுத்துவிடும்.

கவாத்தில், அதாவது கொடிகளை வெட்டிச் சீராக்குவதில், நேரும் பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தவிர்ப்பதற்குச் செலவே இல்லை. திராட்சையின் ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் மூன்று குருத்துகள் இருக்கின்றன. விளைச்சலில் பெரும்பகுதி நடுவிலுள்ள முதன்மைக் குருத்திலிருந்தே வருகிறது. கடுங்குளிருக்குப் பிறகு தோட்டத்தின் பல இடங்களிலிருந்தும் கொடிக்குச்சிகளை வெட்டி வந்து, ஓரிரு நாள் அறை வெப்பத்தில் வைத்து, சவரக்கத்தியால் மொட்டுகளைக் குறுக்காகச் சீவிப் பார்த்தால், உயிருள்ள குருத்து பச்சையாகவும் செத்தது பழுப்பாகவும் தெரியும். பாதி செத்திருந்தால், வழக்கமாக விடுவதைப்போல இருமடங்கு மொட்டுகளை விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். இதைப் பார்க்காமல் வழக்கப்படி வெட்டித்தள்ளியவர் அந்த ஆண்டு விளைச்சலைத் தம் கையாலேயே இழக்கிறார்.

அறுவடை நாளைச் சர்க்கரை அளவை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதே ஆகப் பரவலான தவறு என்பது என் கருத்து. வெப்பமான ஊரில் பழத்துக்குப் புளிப்பூட்டும் மாலிக் அமிலம் வேகமாக எரிந்து குறைந்துவிடும். குளிர்ந்த இரவுகளில் அது மெதுவாகவே குறைவதால், சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் மானி நல்ல எண்ணைக் காட்டும்போதும் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் அமிலம் நிற்கக்கூடும். ஆகவே சர்க்கரை, அமிலம், பி.எச். ஆகிய மூன்றையும் சேர்த்து அளப்பதுடன், பழத்தைச் சுவைத்து விதையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். கேபர்னே சாவிஞ்ஞான் போன்று தாமதமாகப் பழுக்கும் சிவப்பு ரகங்களில், அரைகுறையாகப் பழுத்த பழம் ஒயினுக்குப் பச்சைக் குடைமிளகாய் வாடையைத் தரும். குலையைச் சுற்றியுள்ள இலைகளைப் பிஞ்சு பிடித்த உடனேயே கிள்ளினால் அந்த வாடை குறையும். பழுக்கும் தறுவாயில் கிள்ளுவதால் பலன் சொற்பமே.

புளிப்பு மிகுந்துவிட்டால் சர்க்கரை சேர்த்துச் சரிசெய்யலாம் என்று நினைப்பதும் பிழை. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஆல்கஹாலை ஒரு சதவீதம் உயர்த்தும்; அமிலத்தைக் குறைக்காது, இல்லாத நறுமணத்தையும் கொண்டுவராது. பாக்டீரியாவைக் கொண்டு மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் முறை சிவப்பு ஒயினுக்கும் ஷார்டனே என்னும் வெள்ளை ஒயினுக்கும் பொருந்தும், ஆனால் பி.எச். 3.1-க்குக் கீழே இருந்தாலோ நிலவறை மிகக் குளிர்ந்திருந்தாலோ அந்த பாக்டீரியா எளிதில் வேலை செய்யாது. ரீஸ்லிங்கில் இந்த முறை மலர் மணத்தை மழுக்கி வெண்ணெய் வாடையை ஏற்றிவிடக்கூடும் என்பதால், அதில் புளிப்புக்கு ஈடாகச் சிறிது இயற்கைச் சர்க்கரையை நொதிக்காமல் விட்டுவைப்பதே சிறந்தது. அப்படி விட்டால், 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தே புட்டியில் அடைக்க வேண்டும். எஞ்சிய ஈஸ்ட் மீண்டும் நொதிக்கத் தொடங்கினால் புட்டி வெடிக்கும்.

கால்சியம் கார்பனேட் சேர்த்துப் புளிப்பைக் குறைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் திராட்சையின் மற்றோர் அமிலமான டார்டாரிக் அமிலத்தைத்தான் நீக்கும். மாலிக் அமிலம் அப்படியே நிற்கும். மேலும், ஒயினில் தங்கிவிடும் கால்சியம் டார்டரேட், டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பைப்போலச் சில வாரக் குளிரூட்டலில் படியாமல், மாதக்கணக்கில் மெல்லப் படியும். எனவே இதை நொதிப்பதற்கு முன்பே சாற்றில் சேர்த்து, ஒயினை வசந்தம் கடக்கும்வரை தொட்டியிலேயே வைத்திருந்து, பிறகு புட்டியில் அடைப்பது நல்லது.