கறுப்புச் சட்டையின் அக்குளில் படிந்து இறுகிய டியோடரண்ட் படிவை எடுப்பது எப்படி?

கறுப்பு, கருநீலம், அடர் மெரூன் என்று எந்த அடர்நிறச் சட்டையாக இருந்தாலும், கொஞ்ச நாள் போட்டதும் அக்குள் பகுதியில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு வந்துவிடுகிறது. துவைத்தால் ஈரத்தில் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். தொட்டுப் பார்த்தால் சட்டையின் மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க, அங்கே மட்டும் துணி விறைத்து மொரமொரவென்று நிற்கும். அந்த இறுகிய படிவை எடுக்கும் வழிதான் இங்கே. காலையில் அவசரத்தில் மாட்டும்போது சட்டையில் இழுபடும் வெள்ளைக் கோடு வேறு விஷயம். அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதே சட்டையின் ஓரத்தை மடித்து உலர்வாகத் தேய்த்தாலே போய்விடும். தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், தூளாக இருப்பது குழம்பிப் பரவும்.

முதலில் டியோடரண்ட் டப்பாவைத் திருப்பி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள். வியர்வையையே நிறுத்துவதாகச் சொல்லும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வகை என்றால் அலுமினியம் குளோரோஹைட்ரேட் போன்ற ஏதோ ஒரு அலுமினிய உப்பு கண்டிப்பாக இருக்கும். வியர்வைத் துளையை அடைப்பது அதுதான். குச்சி வடிவில் வருவதென்றால் கூடவே மெழுகுத்தன்மையுள்ள பொருட்களும் சிலிக்கோன் எண்ணெயும் இருக்கும். வாசனைக்கு மட்டும் போடும் சாதா டியோடரண்டில் அலுமினியம் இருக்காது, ஆனால் மெழுகோ எண்ணெயோ இருக்கலாம்.

ஆக, துணியில் உட்கார்ந்திருப்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு. ஒன்று மெழுகும் எண்ணெயும். இன்னொன்று அலுமினிய உப்பு. மெழுகைப் பெயர்க்கச் சோப்புத்தன்மை வேண்டும், அலுமினியப் படிவைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். வழக்கமான துணித்தூள் காரத்தன்மை உள்ளது. அதில் அலுமினியம் கரையாத படிவாகி நூலோடு ஒட்டிக்கொள்கிறது. எத்தனை முறை மெஷினில் போட்டாலும் போகாததற்கு இதுதான் காரணம்.

அது படிவுதானா என்று பாருங்கள்

காய்ந்த சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, திட்டின் மேல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். நகத்தில் வெண்மையாகவோ சாம்பல் நிறத்திலோ எதாவது வந்தால் படிவுதான். ஒன்றும் வராமல் துணியும் மெத்தென்றே இருந்து, நிறம் மட்டும் பழுப்பாகவோ செம்மையாகவோ மாறியிருந்தால் அங்கே சாயம் போயிருக்கிறது. சாயம் போன இடத்தில் இனி எடுப்பதற்கு எதுவும் இல்லை. கீழே சொல்வது எதுவும் அதற்கு உதவாது, துணிச்சாயம் வாங்கிச் சாயமேற்றலாம், அவ்வளவுதான். பழைய சட்டைகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. படிவை எடுத்த பிறகுதான் அடியில் சாயம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பாத்திரம் கழுவும் திரவம், வெள்ளை வினிகர், மென்மையான பழைய டூத்பிரஷ், முனை மழுங்கிய ஒரு ஸ்பூன், வெள்ளைத் துண்டு ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீர். வினிகர் நெடி பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் தூள் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு அதுதான் பிடிக்கும், நெடி இல்லை, அளந்து போடுவதும் சுலபம். ஆனால் வினிகர் எல்லார் வீட்டிலும் இருக்கும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

பாத்திரம் கழுவும் திரவம் நிறமில்லாததாக இருந்தால் நல்லது. "கறை நீக்கி" என்று தனியாக விற்பவை வேண்டாம் என்பது என் கட்சி. அவற்றில் சிலவற்றில் நிறம் வெளுக்கும் பொருள் கலந்திருக்கும், வெள்ளைத் துணிக்குச் சரி, கறுப்புக்கு ஆபத்து.

சாயம் நிற்குமா என்று சோதித்துக்கொள்ளுங்கள்

உள்பக்கத் தையல் மடிப்பில் ஒரு சொட்டு வினிகர் விட்டு ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். திரவத்தையும் அதேபோல் சோதியுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு நன்றாக இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லேசாக இறங்கினால் பரவாயில்லை, ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். பட்டு, கம்பளி, அசிடேட் துணிகளை இந்த வழியில் கொண்டுவராதீர்கள்.

முதலில் மெழுகு

பெரும்பாலான குறிப்புகள் எடுத்த எடுப்பில் வினிகரில் ஊறவைக்கச் சொல்கின்றன. வேலை இழுத்தடிப்பது அதனால்தான். மேலே மெழுகு மூடியிருக்கும்போது தண்ணீர் கலந்த வினிகர் உள்ளே போவதற்கு வழியில்லை. படிவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே ஊறாமல் உருண்டு நிற்கும். அந்தச் சொட்டு சட்டென்று ஊறும்வரை வினிகருக்குப் போகக் கூடாது. இதை நான் அளவுகோலாகவே வைத்திருக்கிறேன்.

சட்டையை உட்புறம் திருப்பி, அக்குள் பகுதிக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். துணி உலர்ந்திருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவத்தைத் திட்டின் மேல் ஊற்றி விரலால் பரப்பி, அரை மணி நேரம் விடுங்கள். முதலில் நனைத்துவிட்டால் திரவம் நீர்த்துப்போகும். அப்புறம் கை தாங்கும் சூட்டில், 40 டிகிரி அளவில், கொஞ்சம் தண்ணீர் தெளித்து டூத்பிரஷால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், கறுப்புப் பருத்தி ஈரத்தில் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வெளிறிவிடும்.

இப்போது ஸ்பூன். அதன் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, துணி நெய்திருக்கும் திசையிலேயே மெல்ல வழித்தெடுங்கள். விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு சேரும். அதைத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி வழியுங்கள். இவ்வளவு நாள் சட்டைக்குள் இருந்தது இதுதானா என்று கொஞ்சம் அருவருப்பாகவே இருக்கும். களிம்பு வருவது நின்றதும் அலசிவிட்டு, சொட்டுத் தண்ணீர் சோதனை செய்யுங்கள். உருண்டு நின்றால் திரவத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். தடித்த படிவுக்கு இந்தக் கட்டம் ஒரே தடவையில் முடியாது.

பச்சைத் தண்ணீர் ஏன் போதாது என்றால், இந்தக் குச்சிகளில் பரவலாகச் சேர்க்கும் ஸ்டியரில் ஆல்கஹால் என்ற மெழுகுப் பொருள் உருகவே கிட்டத்தட்ட 60 டிகிரி வேண்டும். சரி, கொதிக்கும் நீரையே ஊற்றிவிட்டால் என்ன? கறுப்புச் சாயம் கசியும், எலாஸ்டிக் நூல் கலந்த துணி தளரும். உருக்கத் தேவையில்லை, இளக்கினால் போதும், மீதியைத் திரவம் பார்த்துக்கொள்ளும்.

இதே காரணத்தால்தான் படிவு இருக்கிற சட்டையை இஸ்திரி போடக் கூடாது. பெட்டியின் சூட்டில் மெழுகு உருகி நூலுக்குள் இறங்கிவிடும், ஆறியதும் அங்கேயே உறையும். டிரையரும் அப்படித்தான்.

அப்புறம் புளிப்பு

டப்பாவில் அலுமினியம் என்று இல்லாவிட்டால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். இருந்தால், ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து அக்குள் பகுதி மட்டும் மூழ்கும்படி ஊறவையுங்கள். முழுச் சட்டையையும் போட வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்தில் கலவையை ஊற்றி, அக்குள் பகுதியை அதில் அமுக்கி, மேலே இன்னொரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் மிதக்காமல் இருக்கும். சிட்ரிக் ஆசிட் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறட்டும் என்று விடுவதால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை, சாயம்தான் இறங்கும்.

ஊறியதும் டூத்பிரஷால் மெதுவாக ஒரு சுற்று தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். அலசுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கறுப்புப் பருத்தியில் நிறைய சல்ஃபர் சாயம் போட்டது. அந்தத் துணிக்கும் அமிலத்துக்கும் ஆகாது, அமிலம் தங்கினால் நாளடைவில் நூல் இற்றுப்போகும். நெடி போகும்வரை அலசிய பிறகு, வழக்கம்போல் துணித்தூள் போட்டு, உட்புறம் திருப்பியபடியே துவைத்துவிடலாம். துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். அதுவும் நூலின் மேல் ஒரு பூச்சாகத்தான் தங்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வினிகரோ சிட்ரிக் ஆசிடோ எதுவானாலும் ப்ளீச்சோடு சேரக் கூடாது. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும். ப்ளீச் ஊற்றிய பக்கெட்டைக் கழுவாமல் இதற்கு எடுப்பதும் கூடாது. எப்படியும் கறுப்புத் துணிக்கு ப்ளீச்சுக்கு என்ன வேலை?

ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

நனைந்த கறுப்புத் துணியில் எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும். "அப்பாடா, போய்விட்டது" என்று இஸ்திரி பெட்டியை எடுத்துவிடாதீர்கள். நிழலில் காற்றோட்டமாக முழுசாகக் காயவிட்டு, அதே வெளிச்சத்தில், அதே நகத்தால் பாருங்கள். கண்ணை விட விரல் நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு அக்குள் பகுதியையும் முதுகுப் பகுதியையும் மாற்றி மாற்றித் தடவுங்கள், இரண்டும் ஒன்றாகத் தோன்றினால் வேலை முடிந்தது.

இன்னும் விறைப்பு மிச்சமிருந்தால், 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு உட்புறத்திலிருந்து ஒற்றுங்கள், கீழே துண்டு இருக்கட்டும். துண்டில் இறங்குவதைப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே போங்கள். இதற்கும் முதலில் தையல் மடிப்பில் சாயச் சோதனை உண்டு. அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம், தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் கலந்த டிஷர்ட்டுகளுக்கு இந்தக் கூடுதல் வேலை அடிக்கடி தேவைப்படுகிறது. அந்த நூலுக்குத் தண்ணீரை விட எண்ணெய்தான் சிநேகம், பிடித்ததை லேசில் விடாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை

"வினிகர் போட்ட பிறகு முன்பை விட வெள்ளையாகிவிட்டது, பிசுக்கென்று இருக்கிறது." கேட்டுப் பார்த்ததில், பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பதில் துணி சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு, அலசாமலே வினிகரில் போட்டிருக்கிறார். சோப்பும் அமிலமும் சேர்ந்தால் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலம் பிரிந்து வெள்ளைப் பிசுக்காக வெளியே வரும். புதிய படிவை நாமே உண்டாக்கியது மாதிரி. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசினால் போய்விடும். கட்டியைத் தவிர்க்க முடியாது என்றால் நடுவில் நன்றாக அலசுங்கள்.

"சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பூசலாமா?" நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று நடுநிலையாக்கிவிடுவதால், கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். புளிப்பும் போச்சு, காரமும் போச்சு. சோடாவைத் தனியாகப் பசையாகப் பூசினால் கறுப்புத் துணியின் இழைகளுக்குள் வெள்ளைத் தூள் சிக்கிக்கொள்ளும், அதை எடுக்க இன்னொரு பதிவு எழுத வேண்டியிருக்கும்.

"ஹைட்ரஜன் பெராக்சைடு?" வெள்ளைச் சட்டையின் மஞ்சள் கறைக்கு அருமையான பொருள். அடர்நிறத்தில் அது கறையோடு சாயத்தையும் சேர்த்து வெளுக்கும். வேண்டாம்.

"நிறமில்லாத ஜெல் வகைக்கு மாறிவிட்டேன், அப்படியும் விறைக்கிறதே?" வெள்ளைக் கோடு தெரியாது என்பதுதான் ஜெல்லின் பெருமை. அலுமினியம் அதிலும் இருக்கும். வகையை மாற்றுவதை விட, குறைவாகப் பூசி, சட்டை போடுவதற்கு முன் நன்றாகக் காயவிடுவதுதான் பலன் தருகிறது. கூடவே, கழற்றிய சட்டையை நாள்கணக்கில் கூடையில் போட்டு வைக்காமல் உடனே அக்குள் பகுதியை மட்டுமாவது திரவம் விட்டு அலசிவிடுங்கள்.

"உள்துணி வைத்துத் தைத்த கறுப்புக் கோட்டுக்கு?" வீட்டில் கை வைக்காதீர்கள். உள்துணியும் வெளித்துணியும் வேறு வேறு அளவில் சுருங்கும், தோள் பகுதி கோணிக்கொள்ளும். உலர்சலவைக்குக் கொடுக்கும்போது வெறுமனே "கறை" என்று சொல்லாமல், எந்த இடம், டியோடரண்ட் படிவு, அலுமினியம் உள்ளது என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லிவிடுங்கள். உலர்சலவைத் திரவம் மெழுகை எடுக்கும், அலுமினியத்துக்கு அவர்கள் தனியாகக் கவனித்தால்தான் உண்டு.