போகாத ரயிலுக்குக் கட்டிய பணத்தை முழுதாகத் திரும்பப் பெற

பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து ஊர் வருகிறவர்கள் 60 நாளுக்கு முன்பே, காலை 8 மணிக்கு உட்கார்ந்து நெல்லையிலோ பாண்டியனிலோ இடம் பிடித்துவிடுகிறார்கள். பிறகு கதை மாறுகிறது. மாமா காரை அனுப்பிவிடுகிறார், நிச்சயதார்த்தம் இரண்டு நாள் தள்ளிப் போகிறது, விமானம் துபாயிலேயே நின்றுவிடுகிறது. டிக்கெட் மட்டும் போனில் அப்படியே கிடக்கிறது.

ரயில்வேயின் கணக்கு எளிது. கோளாறு அவர்கள் பக்கம் என்றால் கட்டணம் முழுதும் திரும்ப வரும். மனம் மாறியது நாம் என்றால் பிடித்தம் உண்டு. உறுதியான டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் ரத்து செய்தாலும் தலைக்கு ஸ்லீப்பரில் 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 180, இரண்டடுக்கில் 200 போய்விடும். ஏசி என்றால் ஜிஎஸ்டி வேறு. நேரம் நெருங்க நெருங்க கால் பங்கு, அரைப் பங்கு என்று பிடித்து, கடைசியில் ஒன்றுமே வராது. எத்தனை மணி நேரத்துக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும் அன்றே பார்த்து வையுங்கள்; போன தடவை வந்தபோது இருந்த விதியை நம்பாதீர்கள். தட்கலில் உறுதியான இடம் என்றால் நாமாக ரத்து செய்து பைசா வாங்க முடியாது. இணையத்தில் எடுக்கும்போது கட்டும் சேவைக் கட்டணமும் எந்த நிலையிலும் திரும்பாது.

சரி, பிடித்தமே இல்லாமல் எப்போது வரும்? நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது ரயில் தாமதத்தில்தான். நாம் ஏறும் நிலையத்துக்கு ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், அந்த டிக்கெட்டில் உள்ள யாருமே பயணம் செய்யவில்லை என்றால் முழுக் கட்டணம் உங்களுடையது. தட்கலுக்கும் இது பொருந்தும். ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும் டிடிஆர் என்ற விண்ணப்பத்தை, அந்த ரயில் நாம் ஏறும் நிலையத்தை விட்டு உண்மையில் கிளம்புவதற்கு முன்பே போட்டாக வேண்டும். பலகையில் தாமதம் என்று பார்த்ததும் கிளாம்பாக்கத்துக்கு ஓடி பஸ் பிடித்து, மறுநாள் ஊரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே விண்ணப்பிக்கிறார்கள். அதற்குள் கதவு சாத்தியாகிவிடும்.

இன்னொன்று: அந்த நேரத்தில் பதற்றத்தில் 'ரத்து' பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் நீங்களாக ரத்து செய்ததாகி வழக்கமான பிடித்தம் வந்துவிடும். ஐஆர்சிடிசி செயலியில் உங்கள் முன்பதிவைத் திறந்து, டிடிஆர் என்ற இடத்துக்குப் போய், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணிக்கவில்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரயில் எவ்வளவு தாமதம் என்று காட்டும் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். பணம் உடனே வராது, வாரக்கணக்கில் ஆகும்; விமானம் ஏறிய பிறகும் வரலாம்.

ரயிலையே ரத்து செய்துவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லை. மின்டிக்கெட் என்றால் பணம் தானாகவே திரும்பும். நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதும், தென்மாவட்ட ரயில்கள் வரிசையாக ரத்தானதும் ஞாபகம் இருக்கும். மழைச் செய்தி கேட்டதும் முந்திக்கொண்டு ரத்து செய்கிறவர் பிடித்தம் கொடுக்கிறார். பயணத்தைக் கைவிட்ட பிறகும் ரயில்வேயின் அறிவிப்புக்குக் காத்திருக்கிறவருக்கு முழுப் பணம் வரும். அறிவிப்பு வராமலே போகலாம், அந்த ஆபத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

காத்திருப்புப் பட்டியலில் முழுதும் தங்கிவிட்ட மின்டிக்கெட், சார்ட் என்ற பயணிகள் பட்டியல் தயாரானதும் தானாக ரத்தாகும். ஆனால் தலைக்கு 60 ரூபாயும் ஜிஎஸ்டியும் கழித்துத்தான் தருவார்கள். அதையும் தவிர்க்க, உறுதியான இடம் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். காத்திருப்பில் இருப்பவருக்கு வேறு ரயிலில் இடம் தேடித் தரும் விகல்ப் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசியுங்கள். அப்படி இடம் கொடுத்துவிட்டால் அது உறுதியான டிக்கெட்டாகிவிடும், பிறகு வேண்டாம் என்றால் அதற்கேற்ற பிடித்தம்தான்.

என்னைக் கேட்டால், ரத்து செய்வதை விட நல்ல வழி டிக்கெட்டை வீட்டுக்குள்ளேயே கைமாற்றுவது. அப்பா, அம்மா, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், இவர்களில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். சித்தப்பா மகனுக்கெல்லாம் கிடையாது. ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பாக, டிக்கெட் அச்சுப்பிரதி, அடையாள அட்டை, உறவைக் காட்டும் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு முன்பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவைதான்.

விமானம் தாமதமாகி எழும்பூருக்குப் போய்ச் சேர முடியுமா என்ற சந்தேகம் இருப்பவர்கள், ஏறும் இடத்தைத் தாம்பரத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் மாற்றிக்கொள்ளலாம். காசு கிடையாது. மீனம்பாக்கத்திலிருந்து அதுதான் பக்கம், தெற்கே போகும் ரயில்கள் எழும்பூரை விட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் அங்கே வரும். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏற உரிமை இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஆதார் இல்லாததால் பலர் மச்சான் கணக்கிலோ தங்கை கணக்கிலோ டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்கள். அப்படியென்றால் டிடிஆரும் அதே கணக்கிலிருந்துதான் போட முடியும், பணமும் அவர் கட்டிய வங்கிக் கணக்குக்கோ கார்டுக்கோதான் போகும். நள்ளிரவு ஒரு மணிக்கு நடைமேடையில் நின்றுகொண்டு தூங்குகிற மச்சானை எழுப்ப முடியாது. பயணத்துக்கு முன்பே உள்நுழைவு விவரத்தை வாங்கி வையுங்கள். முகவரிடம் எடுத்தால், ரத்து செய்யும்போது டிக்கெட்டில் உள்ள மொபைலுக்கு ஓடிபி வரும். அது உங்கள் எண்ணாக, இந்தியாவில் வேலை செய்யும் எண்ணாக இருக்கட்டும். முகவர் தன் எண்ணைப் போட்டிருந்தால் எவ்வளவு திரும்பியது என்பதே உங்களுக்குத் தெரியாது.

கவுண்டரில் எடுத்த காகித டிக்கெட்டுக்குத் தானாக எதுவும் வராது. ரயில் ரத்தானாலும் அந்தத் தாளை 3 நாளுக்குள் முன்பதிவு மையத்தில் கொடுத்துத்தான் பணத்தை வாங்க வேண்டும். ஊர் திரும்பும் அவசரத்தில் அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாமல், அப்பாவிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.