வேலையை விட்டாச்சு, பி.எஃப்-இல் விலகிய தேதி ஏறியதா?

ராஜினாமா செய்தாலும் நிறுவனமே நீக்கினாலும், உங்கள் விலகிய தேதியை இ.பி.எஃப்.ஓ-வில் (பி.எஃப். கணக்குகளை நிர்வகிக்கும் அமைப்பு) பதிவது முதலாளியின் கடமை. பலர் ரிலீவிங் லெட்டரை வாங்கியதோடு இதை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் பணத்தை முழுதாக எடுக்கவும் முடியாது, புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றும்போதும் சிக்கல்.

நிறுவனம் இழுத்தடித்தால் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசிப் பங்களிப்பு ஏறி 2 மாதம் கழிந்ததும் நீங்களே பதியலாம். யூ.ஏ.என். (ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் தரப்படும் நிரந்தர எண்) உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' என்று இருக்கும். பழைய நிறுவனத்தின் கணக்கைத் தேர்ந்தெடுத்து, தேதியும் காரணமும் கொடுத்தால் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் பழசாகிப் போயிருந்தால் முதலில் ஆதாரில் மாற்றிவிட்டு வாருங்கள்.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, எந்த மாதச் சம்பளத்துக்குக் கடைசியாகப் பணம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். விலகிய தேதி அந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். ரிலீவிங் லெட்டரோடும் அது ஒத்துப்போகட்டும். லெட்டரில் அடுத்த மாதத் தேதி இருந்தால், அந்த மாதப் பங்களிப்பை நிறுவனம் கட்டவில்லை என்று பொருளாகலாம். முதலில் அதைக் கேளுங்கள். ஒருமுறை பதிந்த தேதியை 'மார்க் எக்ஸிட்' வழியாகத் திருத்த முடியாது. கூட்டு உறுதிமொழி (ஜாயின்ட் டிக்ளரேஷன்) என்ற திருத்த விண்ணப்பம் போட வேண்டும், சிலருக்கு அதற்கு மறுபடியும் அதே முதலாளியின் ஒப்புதலுக்காக அலைய நேரலாம்.