777 கொடுத்தும் ஃபோல்டர் திறக்கவில்லையா? லேபிளைப் பாருங்கள்

தக்கலையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் குளச்சலில் இருந்து வரும் பையன் லேப்டாப்போடு வந்து நின்றான். "எக்கா, ஃபோல்டருக்கு 777 கொடுத்துட்டேன். பின்னயும் பெர்மிஷன் டினைட்னு சொல்லுது." 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்று பொருள்.

ஃபெடோராவில், ரூட் இல்லாமல் தன் கணக்கிலேயே லிப்விர்ட் என்ற மென்பொருள் வழியாக வி.எம். (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டுகிறான். ஹோமில் உள்ள 'பாடம்' ஃபோல்டரை நைன்பி என்ற பகிரும் முறை மூலம் வி.எம்.முக்குள் காட்டியிருந்தான். வி.எம். நன்றாக ஓடுகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.

777 கொடுத்தும் மறுப்பு வந்தால் முதலில் எஸ்இலினக்ஸைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் புரோகிராமுக்கும் ஒரு லேபிள் கொடுத்து, எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று விதி வைக்கும் லினக்ஸின் காவல் அது. அதை அணைத்துவிடு என்று பலரும் சொல்வார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் டெர்மினலில் இதைக் கொடுங்கள். எஸ்இலினக்ஸ் மறுத்ததன் பதிவை (ஏவிசி) இது காட்டும்:

சூடோ ஏயுசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

வரும் வரி நீளமானது, மூன்று இடங்களைப் படித்தால் போதும். அவன் திரையில் அடைப்புக்குறிக்குள் 'ரீட்', எஸ்கான்டெக்ஸ்டில் (கேட்டவரின் லேபிள்) எஸ்விர்ட்_டி, டிகான்டெக்ஸ்டில் (கேட்கப்பட்ட பொருளின் லேபிள்) யூசர்_ஹோம்_டி. அதாவது, எஸ்விர்ட்_டி லேபிளில் அடைபட்ட வி.எம்., வீட்டுக்காரரின் சொந்த ஃபோல்டரைப் படிக்கப் பார்த்திருக்கிறது. வி.எம்., ஃபோல்டர் இரண்டும் உங்களுடையதே என்றாலும் விதி விடாது. வி.எம்.முக்குள் இருக்கும் கெட்ட புரோகிராம் ஏதாவது ஓட்டை வழியாக வெளியே வந்தாலும், உங்கள் ஆதார் ஸ்கேனையும் கல்யாண ஃபோட்டோவையும் தொடவிடாமல் தடுப்பது இந்த விதிதான்.

டிஸ்க் ஃபைலுக்கு லிப்விர்ட் தானே லேபிள் மாற்றிக்கொள்ளும். பகிர்ந்த ஃபோல்டருக்கு மாற்றாது, வி.எம். தொடக்கூடிய எஸ்விர்ட்_இமேஜ்_டி லேபிளை நாம்தான் சொல்ல வேண்டும்:

சூடோ செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி எஸ்விர்ட்_இமேஜ்_டி "/ஹோம்/உங்கள்பெயர்/பாடம்(/.*)?"

சூடோ ரெஸ்டோர்கான் -ஆர்வி /ஹோம்/உங்கள்பெயர்/பாடம்

முதல் வரி விதியை எழுதி வைக்கும், இரண்டாவது அதை ஃபைல்கள் மேல் ஒட்டும். எல்எஸ் -இசட் (பெரிய எழுத்து) கொடுத்துப் பார்த்தால் புது லேபிள் தெரியும். அந்தப் ஃபோல்டரில் வி.எம்.முக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள்.

மறுப்புப் பதிவைப் படித்து அனுமதி விதி எழுதும் ஆடிட்2அலவ் என்ற கருவி, ஒரே நொடியில் விதி தயாரித்துத் தரும். ஆனால் இந்த இடத்தில் அது ஹோமில் யூசர்_ஹோம்_டி லேபிள் உள்ள எல்லாவற்றையும் எல்லா வி.எம்.களுக்கும் திறந்துவிடும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

ஏவிசி வரியே வரவில்லை என்றால், பதிவு செய்யாமல் மறுக்கும் விதிகளும் உண்டு. அவற்றையும் பதிவு செய்ய வைக்க சூடோ செமாட்யூல் -டிபி (இரண்டும் பெரிய எழுத்து) கொடுத்து மறுபடி முயன்று பாருங்கள். முடிந்ததும் சூடோ செமாட்யூல் -பி (பெரிய எழுத்து) கொடுத்து பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். அப்போதும் ஏவிசி வரவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

மறுநாள் பையன் திரும்ப வந்தான். ஃபோல்டர் திறக்கிறது, ஒரு பிடிஎஃப் மட்டும் வரவில்லையாம். டவுன்லோட்ஸில் இருந்து அதை இழுத்துப் போட்டிருக்கிறான். நகர்த்தும் ஃபைல் பழைய லேபிளைக் கூடவே கொண்டு வரும், காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் லேபிளைப் பெறும். ரெஸ்டோர்கானை இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். பிடிஎஃப் திறந்தது.